உன்னிடம் வந்து சேராத தாள்கள்

நசீமா,

உன் மேல் அமைதி உண்டாகட்டும் என்று சலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். ஆனால் இந்தக் கடிதம் உன் அமைதியைக் கொஞ்சம் கெடுக்கத்தான் போகிறது. நான் பேனா பிடித்து ஒரு பக்கம் முழுசாக எழுதி எத்தனையோ வருஷமாகிவிட்டது. கடையில் மூன்று கம்ப்யூட்டர் சும்மாதான் கிடக்கின்றன. உனக்கு மெயில் அனுப்ப எனக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆனால் மெயிலில் எழுதினால் பாதியிலேயே அழித்துவிட்டு, ‘நலம், வேளைக்குச் சாப்பிடு’ என்று இரண்டு வரி போட்டு அனுப்பிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் கையால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தபோது நீ கூப்பிட்டாய். “அத்தா, ஆபீஸ்ல என்னை அயர்லாந்துக்கு அனுப்பறாங்க. ரெண்டு வருஷம். அதுக்கு மேலயும் ஆகலாம். நீங்க வேணாம்னு சொன்னா நான் போகல” என்றாய். நான் உடனே, “போம்மா, தாராளமா போ. இதெல்லாம் கேக்கணுமா?” என்றேன். ஆள் வந்திருக்கிறது, அப்புறம் பேசலாம் என்று போனை வைத்துவிட்டேன். ஆள் யாரும் வரவில்லை. அன்று காலையிலிருந்தே யாரும் வரவில்லை. எல்லார் வீட்டிலும் பிராட்பேண்ட் வந்த பிறகு பிரவுசிங் சென்டருக்கு யார் வருகிறார்கள்? ரயில் டிக்கெட் போட, ரிசல்ட் பார்க்க, ஜெராக்ஸ் எடுக்க என்று வருகிற நாலு பேர்தான். போனை வைத்துவிட்டு உலக வரைபடத்தைத் திறந்து அயர்லாந்து எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். இங்கிலாந்தின் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிற சின்னத் தீவு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ புறப்பட இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லிவிட வேண்டும். பெங்களூருக்குப் போனதிலிருந்து என்னைப் பற்றி நீ எல்லோரிடமும் ஒரு கதை சொல்லிவருகிறாய். “எனக்கு இந்த வேலையைத் தேடிக் கொடுத்ததே என் அத்தாதான்” என்று. உன்னோடு தங்கியிருக்கும் அந்த மலையாளப் பெண் ஒரு தடவை போனை வாங்கி, “அங்கிள், உங்களை மாதிரி ஃபாதர் கிடைக்க குடுத்து வெக்கணும்” என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். அந்தக் கதையில் பாதி பொய், நசீ. அந்தப் பொய் என்னுடையது.

முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் என் குணம் அப்போதே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். பொத்தேரியிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து இறங்கி நேராகக் கடைக்கு வருவாய். ஸ்டெல்லா என்று ஒரு நர்ஸ் மாடம்பாக்கத்திலிருந்து வாரம் இரண்டு தடவை நம் கடைக்கு வருவாளே, நினைவிருக்கிறதா? நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில்தான் உட்காருவாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் கடை வாசலில் நின்று அழுதாள். அவளுடைய மெயிலுக்குள் யாரோ புகுந்து, அவள் பெயரில் அவளோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அசிங்கமாக எழுதி அனுப்பியிருந்தார்கள். “சார், நான் வேற எங்கயும் மெயில் பாக்கறதே இல்ல சார், இங்க மட்டும்தான்” என்றாள். “எங்க கடைல அந்த மாதிரியெல்லாம் நடக்காதும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ அதைக் கேட்டுக்கொண்டு போய் நாலாம் நம்பரில் உட்கார்ந்தாய். இரண்டு மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். அதில் உட்கார்ந்து யார் எந்த எழுத்தைத் தட்டினாலும் எல்லாவற்றையும் ஒளிந்திருந்து எழுதிவைக்கிற ஒரு புரோகிராமை எவனோ போட்டுவிட்டுப் போயிருந்தான். எத்தனை பேருடைய பாஸ்வேர்டு அதில் இருந்தது! “எல்லாருக்கும் சொல்லிடணும் அத்தா. பாஸ்வேர்டை மாத்தச் சொல்லணும்” என்றாய். நான் கதவைச் சாத்திவிட்டு, “வெளிய சொன்னா கடை பேரு என்ன ஆகும்? நீ அதை எடுத்துட்டல்ல, போதும் விடு” என்றேன். மறுநாள் நீ ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினாய். நான் கிழித்தேன். மூன்றாம் நாள் நீ மாடம்பாக்கத்துக்கு பஸ் ஏறிப்போய், கோயில் தெருப் பக்கம் வீடு வீடாக விசாரித்து, ஸ்டெல்லாவைக் கண்டுபிடித்து உண்மையைச் சொல்லிவிட்டு வந்தாய். நான் கத்தினேன். உன் அம்மாதான், “அவ செஞ்சது சரி. நீங்க கடையைப் பாருங்க” என்று என் வாயை அடைத்தாள். அன்றைக்கே நீ முடிவு பண்ணிவிட்டாய், இந்த மாதிரி திருட்டைக் கண்டுபிடிக்கிற வேலைக்குத்தான் போவேன் என்று. அப்படி ஒரு வேலை இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது.

நீ கடைசி வருஷத்தில் இருந்தபோது உன் அம்மா மவுத்தாகி நம்மை விட்டுப் போனாள். சுனாமிக்கு அடுத்த வருஷத்து மழைக்காலம். முடிச்சூர் ரோடெல்லாம் தண்ணீர். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வராமல், அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரயில்வே கேட் வரைக்கும் நடந்தோம். அதைப் பற்றி நாம் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு வீட்டில் நீயும் நானும்தான் என்பதை மட்டும் நினைத்துக்கொள். நீ குளிக்கிற சத்தம், நீ குக்கர் வைக்கிற சத்தம், நீ போனில் தோழியிடம் சிரிக்கிற சத்தம். அவ்வளவுதான் அந்த வீட்டில் மிச்சம் இருந்த சத்தம்.

படிப்பு முடிந்து நீ வேலை தேட ஆரம்பித்தாய். வேலைத் தளங்களில் ‘செக்யூரிட்டி’ என்று தட்டினால் வரிசையாக வாட்ச்மேன் வேலைதான் வந்து விழும். உனக்கு உதவி செய்கிறேன் என்று நான் ஒன்றை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஐந்தடி ஏழு அங்குல உயரம், முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை, யூனிஃபார்ம் இலவசம். “அத்தா, இதுக்கு மீசையும் வேணுமே” என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அம்மா போனதற்கு அப்புறம் அன்றுதான் நீ அப்படிச் சிரித்துப் பார்த்தேன். பிறகு எனக்குப் பொறுமையாகச் சொன்னாய்: இந்த வேலைக்கு ஒரே பெயர் இல்லை, ஒரு கம்பெனி நெட்வொர்க் செக்யூரிட்டி என்கிறது, இன்னொன்று இன்ஃபர்மேஷன் ரிஸ்க் என்கிறது, மற்றொன்று ஃபயர்வால் அட்மினிஸ்ட்ரேட்டர் என்கிறது, எல்லாப் பெயரையும் தனித்தனியாகத் தேடினால் நாள் முழுக்கப் போய்விடும்.

அதனால் நீயே ஒரு தேடும் புரோகிராம் எழுதினாய். ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மூன்று வாரம். ஒரு பட்டனை அமுக்கினால் போதும். அது எல்லா வேலைத் தளங்களுக்கும் தானே போய், உனக்குத் தெரிந்த அத்தனை பெயர்களையும் தேடி, வாட்ச்மேன்களை ஒதுக்கிவிட்டு, உன் வேலையை மட்டும் ஊர்வாரியாக அடுக்கித் தரும். ஒருமுறை காட்டிய விளம்பரத்தை மறுபடி காட்டாது, தாள் வீணாகாமல் இருக்க. அதை எனக்கு நீ காட்டிய அன்று நான் பக்கத்துக் கடை டெய்லர் சேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. “பாப்பா இன்னாவோ பெருசா பண்ணிகீது பாய். நம்மளுக்கு எங்க புரியப்போவுது” என்றான். எனக்கும் அவ்வளவாகப் புரியவில்லை. ஆனால் நான் அதை அவனிடம் சொல்லவில்லை.

அப்போது நீ பெருங்குடியில் ஒரு கம்பெனியில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தாய். பாஸ்வேர்டு மறந்துபோனவர்கள் போன் செய்தால் புதிதாகப் போட்டுக் கொடுக்கிற வேலை. காலையில் கம்பெனி வண்டி வந்துவிடும், இருட்டின பிறகுதான் திரும்பி வருவாய். அங்கே வெளித் தளங்களைத் திறக்க விடமாட்டார்கள். அதனால் என்னிடம் சொன்னாய்: “அத்தா, காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பட்டனை அமுக்குங்க. வர்றதை பிரிண்ட் எடுத்து வெச்சிடுங்க. நான் வந்து பாத்துக்கறேன்.” எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு நீல ஃபைல் வாங்கி அதன் மேல் உன் பெயரை எழுதினேன். ஃபயர்வால் என்றால் என்ன, ஆடிட் என்றால் என்ன என்று உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு வாரம் வந்த ஒவ்வொரு தாளையும் ஒழுங்காகத்தான் கொடுத்தேன். அந்த இரண்டு வாரத்துக்கு அல்லாஹ் சாட்சி.

மூன்றாவது வாரம் புனேயிலிருந்து ஒன்று வந்தது. அனுபவம் தேவையில்லை, இந்த வருஷம் படித்து முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. அவர்கள் கேட்டிருந்த ஒவ்வொரு பாடமும் நீ படித்தது. உன்னைப் பார்த்துவிட்டு எழுதிய மாதிரி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாலு தடவை படித்தேன். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நானே கதவைத் திறப்பதும், நானே லைட்டைப் போடுவதும் கண்முன் வந்தது. ஒரு தாள்தானே, இன்னும் எத்தனையோ வரும், சென்னையிலேயே ஒன்று வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தாளைத் திருப்பி, ஜெராக்ஸ் மெஷினில் மை சரியாக விழுகிறதா என்று சோதித்துப் பார்க்கிற பழைய தாள்களோடு வைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் அதன் முதுகில் யாருடைய ரேஷன் கார்டோ பதிந்திருந்தது.

அதற்குப் பிறகு அது சுலபமாகிவிட்டது. ஹைதராபாத் வந்தால் எடுத்துவிடுவேன். பெங்களூர் வந்தால் எடுத்துவிடுவேன். சென்னைத் தாள்களை மட்டும் ஃபைலில் வைப்பேன். அவை கொஞ்சம்தான், அதிலும் மூன்று வருஷ அனுபவம், ஐந்து வருஷ அனுபவம் என்று கேட்பவைதான் அதிகம். நீ அவற்றுக்கும் சளைக்காமல் விண்ணப்பித்தாய். யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டாய்.

“அத்தா, வெளியூர்ல ஒண்ணுமே வரலையா?”

“வந்தா கொடுக்க மாட்டேனாம்மா?”

“இல்ல, என் கிளாஸ்ல ஒரு பையனுக்கு புனேல கிடைச்சிருக்கு. எல்லா சைட்லயும் வந்துச்சாம். என் புரோகிராம்ல எங்கயோ தப்பு இருக்கு போல.”

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீ ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்து வரி வரியாகத் தப்பைத் தேடினாய். நான் காலையிலேயே பட்டனை அமுக்கிவிட்டதால் உனக்குப் புதிதாக ஒன்றும் காட்டவில்லை. இதுவரை காட்டியவற்றின் பட்டியல் உள்ளே இருந்ததாமே? அதை நீ திறந்து பார்த்திருந்தால் அன்றே எல்லாம் தெரிந்திருக்கும். உனக்கு அது தோன்றவே இல்லை. யாரையும் எளிதில் நம்பாமல் இருப்பதைத்தான் நீ வேலையாகச் செய்யப்போகிறவள், ஆனால் பக்கத்தில் டீ வாங்கி வைத்துக்கொண்டு நின்ற என்னைச் சந்தேகிக்கவில்லை. சில நாளில் எனக்கு இப்படியும் தோன்றும்: இல்லை, நீ பார்த்திருப்பாய், தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாய் என்று. அப்படி இருந்தாலும் இந்தக் கடிதத்தை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

சேகர் வேறு என்னை வாட்டினான். ஒரு சனிக்கிழமை கையில் துளசியோடு கடைக்கு வந்தான். “இன்னா பாய், பாப்பாவுக்கு இன்னும் ஒண்ணும் அமையலியா? நான் திருநீர்மலை ஏறி பெருமாளாண்ட வேண்டிக்கினு வந்துகீறேன். வேல கெடச்சா மொட்டை போடறேன்னு சொல்லிட்டேன்” என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் பிரிண்டரில் தாள் அடுக்கினேன். அவன் மாதாமாதம் மலையேறி எதைக் கேட்டானோ அதைத்தான் நான் கீழே உட்கார்ந்து கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மாசம் இப்படிப் போனது. நீ இளைத்துவிட்டாய். புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டு பரணில் ஏற்றினாய். குரோம்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், தோல் வியாபாரம். பெண் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்றார்கள். உன்னிடம் கேட்டபோது, “உங்களுக்குப் பிடிச்சிருந்தா எனக்கும் சரி அத்தா” என்றாய். நீ அப்படிப் பேசுகிறவள் இல்லை. சின்ன வயதில் ஒரு செருப்பு வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்க வைத்தவள். ஆனாலும் நான் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கப்போவதில்லை. குரோம்பேட்டை நாலு கிலோமீட்டர்தானே.

அந்த வாரக் கடைசியில் நீ கடைக்கு வந்து ஒன்றாம் நம்பர் முன்னால் நின்றாய். “இந்தப் புரோகிராமை எடுத்துடலாம் அத்தா” என்றாய். ஏன் என்று கேட்டேன். “பத்து மாசமா ஒருத்தன்கூட கூப்பிடல. எனக்கு அந்த வேலைக்குத் தகுதி இல்லைன்னு இப்பதான் புரியுது. நான்தான் என்னமோ பெருசா நெனச்சுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். மீசை வேண்டுமே என்று சிரித்தவளுடைய சிரிப்பு இல்லை அது. உன்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள நினைத்து, உன்னையே உனக்குப் பிடிக்காமல் செய்துவிட்டேன் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. “நாளைக்கு எடுக்கலாம்மா, இன்னிக்கு விடு” என்றேன்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் பட்டனை அமுக்கினேன். மூன்று வந்தது. ஒன்று பெங்களூர். உன் படிப்பு, ஒரு வருஷத்துக்குக் குறைவான அனுபவம், அன்றுதான் கடைசி நாள். பிரிண்ட் எடுக்கக்கூட நிற்காமல் உனக்குப் போன் போட்டேன். “என்னாச்சு அத்தா? உடம்பு சரியில்லையா?” என்று பதறினாய். “ஒண்ணு வந்திருக்கும்மா, பெங்களூர்ல” என்றேன். “படிங்க” என்றாய். என் இங்கிலீஷில் திக்கித் திக்கிப் படித்தேன். “மறுபடி படிங்க” என்றாய். மறுபடி படித்தபோது நீ அழுவது கேட்டது. அரை நாள் லீவு போட்டு ஓடிவந்து விண்ணப்பத்தை அனுப்பினாய். அடுத்த மாசம் நேர்முகத் தேர்வு, அதற்கடுத்த மாசம் வேலை. குரோம்பேட்டைக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். சேகர் மொட்டை போட்டுக்கொண்டு வந்து லட்டு கொடுத்தான். “அத்தாதான் கண்டுபிடிச்சாரு” என்று நீ அவனிடம் சொன்னாய். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அன்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

காலை வண்டிக்கு உன்னை சென்ட்ரலில் ஏற்றிவிட்டு, பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி பிடித்துத் திரும்பினேன். நம் தாம்பரம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், நான் உட்கார்ந்தே இருந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. பொத்தேரியில் இறங்கினேன். நீ நாலு வருஷம் இறங்கிய பிளாட்பாரம். முதுகில் பையோடு பிள்ளைகள் கும்பல் கும்பலாக காலேஜ் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மூன்று வண்டியை விட்டேன். ஒரு பெண், “அங்கிள், யாரையாவது தேடறீங்களா?” என்று கேட்டாள். இல்லையம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் ஏறினேன்.

இந்த இரண்டரை வருஷமும் நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. காலையில் மெஸ்ஸில் இரண்டு இட்லி, கடை, லுஹருக்குப் பள்ளிவாசல், மறுபடி கடை. கடையைத் திறந்ததும் உன் புரோகிராமில் சென்னையை மட்டும் டிக் செய்து பட்டனை அமுக்குவேன். இப்போது உனக்கு அனுபவம் வந்துவிட்டது, இங்கேயே ஒன்று வராமலா போகும் என்று பார்ப்பேன். ஆரம்பத்தில் எப்போதாவது ஒன்று வரும், உனக்கு அனுப்புவேன், “பாக்கறேன் அத்தா” என்பாய். பிறகு வருவது நின்றுவிட்டது. உலகமெங்கும் வேலை போகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், அதனால்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அமுக்குவதை நிறுத்தவில்லை.

போன பெருநாளுக்கு வந்தபோது நீ அதைப் பார்த்துவிட்டாய். “ஐயோ அத்தா, இது செத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. எல்லா சைட்டையும் மாத்திட்டாங்க, இதுக்கு இப்ப ஒண்ணுமே கிடைக்காது. நீங்க இன்னும் இதையா அமுக்கிட்டிருக்கீங்க?” என்று சிரித்தாய். “சும்மா, பழக்கம்தான்” என்றேன். அப்போது உன் கண் திரையில் சென்னை மேல் மட்டும் இருந்த டிக்கில் போய் நின்றது. சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. நீ எழுந்து, “டீ வாங்கிட்டு வரேன்” என்று வெளியே போனாய். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாய். நாம் இருவரும் டீயைக் குடித்தோம். நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நம் குடும்பத்தில் எல்லா முக்கியமான விஷயங்களையும் இப்படித்தான் பேசாமல் விட்டிருக்கிறோம். நீ இந்தப் பழக்கத்தை அயர்லாந்துக்குக் கொண்டுபோகாதே, நசீ. தப்பு செய்தால் அன்றே யாரிடமாவது சொல்லிவிடு. மறுநாள் சொல்லலாம் என்று வைத்தால் அது மூன்று வருஷம் ஆகிவிடும். தனியாக இருப்பது கஷ்டமாக இருந்தால், கஷ்டமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல். நான் அதைச் சொல்லத் தெரியாமல்தான் தாள்களைத் திருப்பி வைத்தேன்.

பெருநாள் முடிந்து நீ பெங்களூருக்குத் திரும்பிய பிறகு, ஒவ்வொரு தளமாகத் திறந்து, உன் வேலையின் எல்லாப் பெயர்களையும் நானே தட்டித் தேடக் கற்றுக்கொண்டேன். ஒரு சுற்று முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கு நேரத்துக்கா பஞ்சம்? போன செவ்வாய்க்கிழமை, அதாவது நீ அயர்லாந்து பற்றிச் சொன்னதற்கு இரண்டு நாள் கழித்து, ஒன்று கிடைத்தது. இங்கே சிறுசேரியில். உன் இப்போதைய வேலையைவிட ஒரு படி மேல். அவர்கள் கேட்கிற அனுபவம் உன்னிடம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து கம்பெனி வண்டி உண்டு என்றுகூடப் போட்டிருக்கிறார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நீ விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். இதை உனக்கு அனுப்பினால் போகிறவளைக் காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி. வேண்டாம், மறைத்துவிடலாம், பிள்ளை நிம்மதியாகப் போகட்டும் என்று நேற்று முடிவு பண்ணி மேஜை டிராயரில் போட்டேன். டிராயரை மூடியதும்தான் என் கை என்ன செய்கிறது என்று பார்த்தேன். உனக்கு நல்லது என்று நானே முடிவு பண்ணி உன் தாளை உன்னிடமிருந்து எடுக்கிறேன். காரணம்தான் மாறியிருக்கிறது, கை அதே கைதான். எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்துவிட்டேன்.

இதை அனுப்புவது நேர்மையா அல்லது என் ஆசையா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் இருக்கும். நீ இங்கே வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் அது உன்னை இழுப்பதாகும். எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆகவே இரண்டையும் எழுதிவிடுகிறேன். நீ வந்தால் சந்தோஷம். நீ போனால் நான் இங்கே மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, கடையைத் திறந்துகொண்டு இருப்பேன், சாகமாட்டேன். தாளைப் படித்துவிட்டு நீயே முடிவு செய். எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் எனக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பத்து மாசத்தை என்னால் உனக்குத் திருப்பித் தர முடியாது. ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும்: உனக்குத் தகுதி இல்லாமல் போன நாள் ஒன்றுகூட அதில் இல்லை. உன்னைக் கூப்பிட ஆள் இருந்தார்கள். அவர்கள் கூப்பிட்டது உன் காதில் விழாமல் நான் நடுவில் நின்றேன்.

கடிதத்தை இப்போது கூரியரில் போடப் போகிறேன். நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். படித்ததும் ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருக்காதே. கோபமாக இருந்தால் கோபமாகவே கூப்பிடு. நீ சொல்லி முடிக்கும் வரைக்கும் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அத்தா